பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

எங்கள் பக்கத்தில் கிராண்டு என்றால் மானியம். மானியம் என்றால் ஆடு. தென்னம்பிள்ளைக்கும் மீன் வலைக்கும்கூட உண்டு, ஆனால் முதலில் நினைவுக்கு வருவது ஆடுதான். கம்ப்யூட்டரில் ஆராய்ச்சி செய்ய டெல்லியிலிருந்து மானியம் தருகிறார்களாம், நான் எழுதிப் போட்டிருக்கிறேன் என்று சொன்னதும் பக்கத்து வீட்டு அத்தை கேட்டது இதுதான்:

“அதுல ஒரு ஆட்டையும் சேத்து எழுதிப் போட வழி உண்டாட்டி?”

இல்லை என்றேன். “பின்னே என்ன மானியம்?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு வீடு கேரள எல்லைக்குள், பாறசாலைக்கும் காரோட்டுக்கும் நடுவில், தமிழ் பேசுகிறவர்கள் இருக்கும் ஒரு கிராமம். வேலை நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில், தற்காலிகமாகக் கணக்கு நடத்துவது. கல்லூரிக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது அதைத் தொடத் துணிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் கம்ப்யூட்டர் டீச்சரும் ஆனேன். மற்றவர்கள் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அப்போதுதான் இந்திய மொழிகளில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்கு மத்திய அரசு நிதி தரும் என்று ஆங்கிலப் பத்திரிகையின் மூலையில் ஓர் அறிவிப்பு வந்தது. எனக்குப் பித்துப் பிடித்தது.

நான் எழுதிப் போட்ட யோசனை எளியது. தமிழில் தட்டினால் மலையாளத்தில் வர வேண்டும், மலையாளத்தில் தட்டினால் தமிழில். எங்கள் வீடுகளில் பழைய நிலப் பத்திரமெல்லாம் தமிழில் இருக்கும், வில்லேஜ் ஆபீஸில் அதைப் படிக்க ஆள் இருக்காது. அங்கிருந்து வரும் மலையாள நோட்டீஸை எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் படிக்கத் தெரியாது. இதற்கு ஒரு மெஷின் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஊரில் ஒருவருக்கும் இது புரியவில்லை. அத்தையின் தம்பி, அரசு பஸ்ஸில் கண்டக்டர், என் முகத்துக்கு நேராகவே கேட்டான்: “நாம வாயால செய்யுத சோலிக்கு மெசின் என்னத்துக்கு?”

அவனையாவது பொறுத்துக்கொள்ளலாம். அப்பாதான் பெரிய பாடு. அப்பா தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்: பி.எஸ்.சி. தேர்வு எழுதி அரசாங்க வேலைக்குப் போனவர்கள், அப்படிப் போகாத பாவப்பட்ட ஜன்மங்கள். நான் இரண்டாவது வகையில் சேர்ந்துவிடுவேனோ என்று அவருக்குத் தூக்கமே கிடையாது. நான் எம்.எஸ்ஸி. முடித்த வருஷமே தலையணை கனத்துக்கு ஒரு பி.எஸ்.சி. கைடு வாங்கி வந்தார். நான் அதைத் திறந்ததே இல்லை. ஆனாலும் வருஷா வருஷம் நவராத்திரிக்கு அதைத் தட்டித் துடைத்து, சிவப்புப் பட்டுத்துணியில் கட்டி, என் பேரில் கோயிலில் பூஜைக்கு வைப்பார். அதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் ஒரு நாள் சண்டை முற்றியது. கிராண்டு கிடைக்கவில்லையென்றால் கல்லூரியை விட்டுவிட்டு நீங்கள் சொல்கிற கோச்சிங் கிளாஸில் போய் உட்காருகிறேன், போதுமா என்று கத்திவிட்டேன். “சத்தியமா?” என்றார். “சத்தியமா!” என்றேன். கோபத்தில் செய்தாலும் சத்தியம் சத்தியம்தான். எங்கள் வீட்டில் அதற்கு அப்பீல் கிடையாது.

பிறகு டெல்லியிலிருந்து தகவல் வந்தது. நேரில் பார்க்க இரண்டு பேர் வருவார்கள், தேதி பின்னால் சொல்வார்கள், நான் எழுதும் கம்ப்யூட்டர் நிரல் ஓடுவதைக் காட்ட வேண்டும். பூஜை விடுமுறைக்குக் கல்லூரியைப் பூட்டப் போகிறார்கள், எனக்கோ வேலை பாதிதான் முடிந்திருந்தது. பிரின்சிபாலிடம் கெஞ்சிக் கூத்தாடி, கம்ப்யூட்டரை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ராப்பகலாக உட்கார்ந்து அஷ்டமி மத்தியானம் முடித்தே விட்டேன். “அம்மா எங்கே?” என்று தமிழில் தட்டினால் திரையில் மலையாளத்தில் வந்தது. நான் எழுந்து குதித்ததில் அம்மா அடுக்களையிலிருந்து பயந்து ஓடிவந்தாள்.

சாயங்காலம் இந்தச் சந்தோஷத்தைச் சொல்லப் பாறசாலை ஜங்ஷனில் உள்ள எஸ்.டி.டி. பூத்திலிருந்து பிரின்சிபாலைக் கூப்பிட்டேன். அவர் எடுத்த எடுப்பிலேயே, “எங்கே போனாய்? டெல்லிக்காரர்கள் நாளைக்குக் காலையில் உன் வீட்டுக்கே வருகிறார்கள்” என்றார். திருவனந்தபுரத்தில் இறங்கிக் கன்னியாகுமரி போகிறார்களாம், வழியில் என்னைப் பார்த்துவிட்டுப் போவார்களாம். சூரிய அஸ்தமனத்துக்கு முன்னால் கடற்கரையில் இருக்க வேண்டுமாம். பரவாயில்லை, யார் எதைப் பார்க்கப் போனால் எனக்கென்ன? நிரல்தான் தயார் ஆயிற்றே. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன்.

மேஜை காலியாக இருந்தது. சுற்றிலும் தூசி, நடுவில் கம்ப்யூட்டர் இருந்த இடம் மட்டும் சுத்தமாக.

“ஐயோ! களவு போயிட்டே!” என்று நான் போட்ட கூச்சலில் அத்தை வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. அப்பா குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு உள்ளே வந்தார்.

“ஒச்சை வைக்காதே மக்கா. சாமான் பத்திரமா கோயில்ல உண்டு.”

“எந்தக் கோயில்ல?”

“நம்ம அம்மன் கோயில்லயாக்கும். இன்னைக்குப் பூஜ வைப்பில்லியா? ஆட்டோ பிடிச்சுக் கொண்டு வச்சாச்சு.”

எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அஷ்டமி சாயங்காலம் பிள்ளைகள் புத்தகத்தையும் வேலைக்காரர்கள் கருவிகளையும் கோயிலில் சரஸ்வதி முன்னால் கொண்டு வைப்பார்கள். விஜயதசமி காலையில் போற்றி, அதாவது பூசாரி, எடுத்துத் தருகிறவரை அவற்றைத் தொடக்கூடாது. அதுமட்டுமில்லை, அதுவரைக்கும் யாரும் எதையும் படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. சின்ன வயதில் எனக்கு இதைவிடப் பிடித்த பண்டிகை கிடையாது. ஆனால் டெல்லிக்காரர்கள் வருவது நவமியன்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியைப் போட்டு உடைத்திருந்தார் அப்பா.

கோயிலுக்கு ஓடினேன். மண்டபத்தில் பாடப்புத்தகங்கள், தையல்காரரின் கத்திரி, ஒரு மிருதங்கம், யாருடையதோ ஸ்பானர். எல்லாவற்றுக்கும் நடுவில், சிவப்புப் பட்டு போர்த்தி, கண்ணாடியில் சந்தனம் தொட்டு, செவ்வரளி மாலையோடு என் கம்ப்யூட்டர் கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது. விசைப்பலகையின் இடுக்கெல்லாம் பூவிதழ். எடுத்துத் தாருங்கள் என்று போற்றியிடம் அழாத குறையாகக் கேட்டேன்.

“மோளே, வச்சது வச்சதாக்கும். நாளை கழிஞ்சு காலத்தே வா, தாறேன்.”

“டெல்லியில இருந்து ஆள் வருது போற்றி!”

“டெல்லிக்கும் இதே சரஸ்வதிதான். நீ பேடிக்காதே, மெசின் பேருக்கு அர்ச்சனையும் உண்டு. நட்சத்திரம் ஏதுன்னு அச்சன்கிட்ட கேட்டேன். கொஞ்சம் ஆலோசிச்சிட்டு விசாகம்னு சொன்னாரு.”

விசாகம் என் நட்சத்திரம். அப்போது அது மனசில் ஏறவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள் என்று முனகிக்கொண்டே திரும்பினேன். என்னைக் கோச்சிங் கிளாஸில் தள்ளத்தான் திட்டம் போட்டு அப்பா இதைச் செய்திருக்கிறார் என்று அடித்துச் சொல்லத் தயாராக இருந்தேன்.

மறுநாள் காலையில் டாக்ஸி வந்தது. ஒருவர் கல்கத்தாவைச் சேர்ந்த பேராசிரியர், வயதானவர். வீட்டில் துர்கா பூஜை நடக்கும்போது தன்னை இந்தியாவின் இந்தக் கோடிக்கு அனுப்பிவிட்டார்களே என்ற கடுப்பு முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. மற்றவர் அமைச்சகத்து அதிகாரி, இளைஞர், கழுத்தில் காமிரா. இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, இங்கிருந்து கன்னியாகுமரி எத்தனை மணி நேரம்.

கம்ப்யூட்டர் எங்கே என்று அதற்குப் பிறகுதான் கேட்டார். “கோயிலில் இருக்கிறது” என்றேன். மொழிபெயர்ப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொல்லிவிட்டு நேரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அப்பாவும் பின்னாலேயே வந்தார்.

ஆண்கள் சட்டையோடு உள்ளே போகக்கூடாது. பேராசிரியர் மறுபேச்சில்லாமல் கழற்றினார். அதிகாரி கூச்சத்தோடு கழற்றிவிட்டு, வெறும் மார்பில் காமிராவும் கையில் ஃபைலுமாக நின்றார். மாலை போட்ட கம்ப்யூட்டரைப் பார்த்ததும் பேராசிரியருக்கு வந்ததே ஒரு சிரிப்பு! எங்கள் ஊரிலும் சரஸ்வதி பூஜைக்கு இதே கதைதான், நான் கணக்குப் புத்தகத்தைத்தான் முதலில் கொண்டு வைப்பேன், அன்றைக்கு ஒருத்தனும் கணக்குப் போடு என்று சொல்ல முடியாதே என்றார். அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபைலைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, “கருவி பார்வைக்குக் கிடைக்கவில்லை” என்று எழுதப் போனார்.

என் உயிர் போயிற்று. அதை எழுதிவிட்டால் எல்லாம் தீர்ந்தது.

“சார்!” என்றார் அப்பா. ஆயுசு முழுக்கக் கலெக்டர்கள் முன்னால் நின்ற மனுஷன் அவர். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, லேசாகக் குனிந்து அதிகாரி முன்னால் போய் நின்றார். “டுடே நோ ரைட்டிங் சார். காடஸ் ஆர்டர்.”

இரண்டு கைகளை நீட்டி ஒருவர் குனிந்து நின்றால் ஃபைலைக் கொடுத்துவிடுவது அரசாங்கத்தில் ஊறிய பழக்கம் போலிருக்கிறது. அதிகாரி யோசிக்காமல் கொடுத்துவிட்டார். பேனாவையும் சேர்த்து. அப்பா அதை அப்படியே போற்றியிடம் கொடுத்தார். போற்றி ஒரு துளசி வைத்து, கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துவிட்டார்.

“ஃபைல் எப்போது திரும்பக் கிடைக்கும்?” என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

“நாளைக் காலையில்” என்றேன். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

கன்னியாகுமரிக்குப் போய்விட்டு வரலாமே என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம். ஃபைல் ஒரு மாநிலத்திலும் அதற்குப் பொறுப்பான அதிகாரி இன்னொரு மாநிலத்திலும் இருக்கக்கூடாதாம். களியக்காவிளை தாண்டினால் தமிழ்நாடு. எல்லைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் பெருமூச்சு விட்டார். அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். அம்மா வைத்த புளிசேரியில் அதிகாரிக்குக் கொஞ்சம் மனசு இளகி, தனக்கு அந்த வருஷம் பதவி உயர்வு வர வேண்டியிருப்பதையும் அது தள்ளிக்கொண்டே போவதையும் அப்பாவிடம் விலாவாரியாகச் சொன்னார். அப்பா “ஐ அண்டர்ஸ்டாண்ட் சார்” என்று தலையாட்டிக்கொண்டு இன்னும் ஒரு கரண்டி ஊற்றச் சொன்னார்.

சாப்பிட்ட பிறகு பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். மெஷின் இல்லை, எழுதவும் கூடாது, வாயால் சொல், உன் நிரல் எப்படி வேலை செய்யும்? எனக்கு ரோஷம் வந்தது. டெல்லி சார்களை, ஊர்ப்பேச்சில் சாறுமாரை, பார்க்க வீட்டு முற்றத்தில் பாதி ஊர் நின்றது. அதிலிருந்து அத்தையையும் அவள் தம்பி கண்டக்டரையும் இழுத்து வந்து வரிசையாக உட்கார வைத்தேன். “அத்தை, நீங்க ஒரு வாக்கியம் சொல்லணும். நான் அதை வார்த்தை வார்த்தையாகப் பிரிப்பேன். அண்ணன், நீங்க ஒவ்வொரு வார்த்தையும் தமிழா மலையாளமான்னு சொல்லணும். தமிழ்னா நான் மலையாளத்துக்கு மாத்துவேன். நாமதான் இப்போ கம்ப்யூட்டர்.”

அத்தை தயங்காமல் சொன்னாள்: “சக்கை வத்தல் வறுத்து வச்சிட்டு உண்டு, சாறுமாரு தின்னுவாவளா?”

“சக்கை” என்றேன்.

“மலையாளம்” என்றான் கண்டக்டர்.

அத்தை திரும்பினாள். “என்னலே மலையாளம்? எங்க வீட்டு மரத்துல காய்க்குத சக்கை எப்பிடிலே மலையாளமாவும்?”

“தமிழ்நாட்டுல பலாப்பழம்னு சொல்லுவாவ, கேட்டதில்லையா?”

“அது அவ்வ மரத்துல காய்க்குதது!”

முற்றத்தில் இரண்டு கட்சி பிரிந்துவிட்டது. ஆளாளுக்குக் கத்தினார்கள். கம்ப்யூட்டர் முதல் வார்த்தையைத் தாண்டவே இல்லை. போச்சு, மானம் கப்பலேறியது என்று நான் தலையில் கை வைத்தேன். பேராசிரியர் என்ன சண்டை என்று கேட்டார். சொன்னேன். இந்த வார்த்தை இரண்டு பேருக்கும் சொந்தம், இப்படி ஆயிரம் உண்டு, மெஷின் எங்கே திணறும் என்பதைத்தான் இவர்கள் காட்டுகிறார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன். சொல்லி முடித்த பிறகுதான் அது உண்மை என்று எனக்கே உறைத்தது. அவர் வெகுநேரம் கேள்வி கேட்டார். வத்தல் பாத்திரமும் காலியாயிற்று. அதிகாரி மட்டும், “எல்லாம் சரி, மெஷின் ஓடுவதை நான் பார்த்தாக வேண்டும்” என்று சொல்லிவிட்டு நெய்யாற்றின்கரை லாட்ஜுக்குக் கிளம்பினார்.

விஜயதசமி காலையில் கோயிலில் கூட்டம் தாங்கவில்லை. பூஜை முடிந்து முதல் எழுத்தை மணலில் விரலால் எழுதப் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். போற்றி கம்ப்யூட்டரை எடுத்துத் தந்தார். தருவதற்கு முன்னால், நான் தடுப்பதற்குள், அதன் தலையில் தாராளமாகத் தீர்த்தம் தெளித்தார். இரண்டு ராத்திரி பூஜையில் இருந்ததல்லவா! மைக் செட்டுக்காரரிடம் கரண்டு வாங்கி, மண்டபத்திலேயே சுவிட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்தது. பிறகு ‘டப்’ என்று ஒரு சத்தம், பின்பக்கத்திலிருந்து புகை. கற்பூரம் காட்டுகிற நேரமானதால் கூட்டம் அந்தப் புகைக்கும் சேர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“போச்சு! எல்லாம் போச்சு! இப்ப சந்தோசமாப்பா?” என்று அத்தனை பேர் முன்னாலும் அலறினேன். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

போற்றி ஃபைலையும் பேனாவையும் அப்பா கையில் கொடுத்தார். அதிகாரி மணல் வரிசையில் நிற்க நேரமில்லாமல் கை நீட்டிக்கொண்டிருந்தார். அப்பா கொடுத்தார், ஆனால் பிடியை விடவில்லை.

“சார். ஆஃப்டர் பூஜா, ஃபர்ஸ்ட் வேர்ட் மஸ்ட் பீ குட் வேர்ட். பேட் வேர்ட் மீன்ஸ், ஹோல் இயர் பேட்.” பிடியை இன்னும் இறுக்கினார். “ஃபார் தி ரைட்டர், சார். ப்ரமோஷன் எவ்ரிதிங்.”

அதிகாரி சுற்றிப் பார்த்தார். ஊரே அவர் பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றது. தேவியும் பார்த்துக்கொண்டிருந்தாள். பேராசிரியர் தொண்டையைச் செருமி, “நான் பார்க்க வேண்டியதை நேற்றே பார்த்துவிட்டேன், எழுதும்” என்றார். அதிகாரி நெற்றிச் சந்தனத்தை ஒரு தடவை தொட்டுக்கொண்டு, “பரிந்துரைக்கப்படுகிறது” என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கன்னியாகுமரிக்குப் போகிற வழியில் அவர்களுக்கு நல்ல மழை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பல மாதம் கழித்துக் கிராண்டு வந்தது, கேட்டதில் பாதியாக. அதைப் பற்றி இப்போது பேச்சில்லை.

டாக்ஸி போனபின் போற்றியிடம் திரும்பினேன். பட்டுத்துணியில் கட்டிய அந்தத் தடியன் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு போக வேண்டுமே.

“போற்றி, எங்க கைடு?”

“எந்தக் கைடு?”

“அப்பா வருசா வருசம் வைக்குத பி.எஸ்.சி. கைடு.”

“இந்த வருசம் அது கொண்டு வரல்லையே மோளே. மெசின் மட்டுந்தான்.”

கருகின கம்ப்யூட்டரை எங்கள் இருவர் மடியிலும் பாதிப் பாதியாக வைத்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பினோம். அப்பா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“கைடை ஏன்பா வைக்கல?”

“ஒரே ஆளுக்கு ரெண்டு வரம் கேட்டா தேவி எதைத் தருவா? அதாக்கும் ஒண்ணு கேட்டேன்” என்றார் அப்பா. பிறகு, “மெசினை நல்லாப் பிடிச்சுக்கோ மக்கா, குழி வருது” என்றார்.